பத்து மணிக்குப் பேசும் பெரிய துரை

போன மாதம் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் இன்டர்நெட் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டதாம். இப்போது அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் கவிதா எனக்குப் போன் செய்து ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாள். கோலாலம்பூரில் இருக்கும் சர்வர் பதில் சொல்லவில்லையாம், அறிக்கை போகவில்லையாம், ஆபீஸே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். கடைசியில், “உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இல்லல்ல, அங்கிள்? நிம்மதியா இருந்திருப்பீங்க” என்று சொல்லிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நிம்மதியாக இருந்தேனாம். அம்மா கவிதா, உன் மேசைக் கம்ப்யூட்டர் கேள்வி கேட்க, எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்வதை நீ ஏதோ புது அதிசயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எண்பதுகளின் நடுவிலேயே இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தவன் நான். உனக்கு இன்டர்நெட் இருக்கிறது. எனக்கு இருந்ததெல்லாம் ஒரு டெலிபோன் கம்பியும் ஒரு சமையல்காரரும்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழுந்து நிறுக்கும் கிராணியாக வேலைக்குச் சேர்ந்தேன். தராசோடு மூன்று வருடம், ஸ்டோரில் நான்கு வருடம். நடுவில் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு கோப்பிக் கடையின் மாடியில் தட்டச்சு படித்தேன். இன்றைக்கும் கோப்பி வறுக்கும் வாசனை வந்தால் என் விரல்கள் தானாக அசையும். அந்தத் தட்டச்சுதான் என்னை ஆபீஸுக்குள் கொண்டுபோனது. பிறகு பல வருடம் ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கே சலிப்பாக இருக்கிறது.

எங்கள் மானேஜர் குரியன் துரை. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு வந்தவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை, பேசியே அதிகம் கேட்டதில்லை. டாக்டர் புகையிலையை நிறுத்தச் சொல்லிவிட்டதால் காலிப் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார். அது விசிலடிக்கும். ஒரு விசில் என்றால் சரி, இரண்டு விசில் என்றால் இன்னொரு தடவை சொல், பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டால் விஷயம் பெரிது. ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதல் நாளே இந்தப் பாஷையைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். சம்பள நாள் எது என்பதைக்கூட அப்புறம்தான் சொல்வோம்.

ஒரு நாள் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். கோலாலம்பூர் தலைமை ஆபீஸில் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வரும். எவ்வளவு கொழுந்து, எத்தனை ஆள், எவ்வளவு தேயிலைத் தூள், எவ்வளவு மழை என்று தினமும் இங்கிருந்து டெலிபோன் வழியாக அங்கே அனுப்ப வேண்டும். எனக்குத் தட்டச்சுத் தெரியும் என்பதால் நான்தான் கம்ப்யூட்டர் கிராணி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஒரு விசில் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் தலைமை ஆபீஸ் என்ஜினியர் மிஸ்டர் லிம். மலைக்குக் கீழே இருக்கும் தாப்பாவிலிருந்து வரும் பாதையின் வளைவுகள் அவரைப் படாதபாடு படுத்திவிட்டன. லோரியிலிருந்து இறங்கியவர் முதல் அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து ஊறுகாய் பிளம் சப்பிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அவரைவிடத் தெம்பாக வந்து சேர்ந்தது. கூடவே ஒரு ஏர்கோனும் வந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று எங்கோ விதி எழுதியிருந்ததாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையைத் தேய்த்துக்கொண்டு நாங்கள் அந்த ஏர்கோனைச் சுவரில் மாட்டினோம். அதை ஒரு நாளும் திறக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு எங்கள் ஊரில் பிரச்சினை சூடு இல்லை, ஈரம்தான். அதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் வழி சொன்னார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த காய்ந்த தூளைத் துணிப்பையில் கட்டி மேசைக்கு அடியில் வைத்தோம். அது ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது. லிம் அடுத்த தடவை வந்தபோது கம்ப்யூட்டரை மோந்து பார்த்துவிட்டு, பால் ஊற்றினால் குடித்துவிடலாம் என்றார்.

கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் நடுவில் மோடம் என்று ஒரு பெட்டி. கம்ப்யூட்டரின் எழுத்தைச் சத்தமாக மாற்றிக் கம்பியில் அனுப்பும், அங்கிருந்து வரும் சத்தத்தை எழுத்தாக மாற்றும். இரண்டு கம்ப்யூட்டரும் எப்படிப் பேசத் தொடங்குகின்றன என்று லிம் ஒரு முழு நாள் படம் போட்டு விளக்கினார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. மறுநாள் விடிகாலை பெரட்டுக் களத்தில் நின்றபோது எல்லாம் புரிந்துவிட்டது. பெரட்டு என்றால் வேலைக்குப் போகும் முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. கங்காணி பெயரைக் கூப்பிட வேண்டும், ஆள் “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகுதான் அன்றைய வேலை என்னவென்று சொல்லுவார். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்பதற்கு ஆள் ஒரு தலையாட்டு ஆட்ட வேண்டும். கம்ப்யூட்டர்களும் அதைத்தான் செய்தன. என் கம்ப்யூட்டர் ஆள், கோலாலம்பூர் கம்ப்யூட்டர் கங்காணி. இதை லிம்மிடம் சொன்னேன். அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

செய்முறை இப்படி. ஒன்பதரைக்குள் தொழிற்சாலை விவரம் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். அதை ஐந்து பக்கமாகத் தட்டச்சு செய்வேன். எங்கள் தோட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் பத்து மணியிலிருந்து பத்தே கால் வரை, அதற்குப் பிறகு அடுத்த தோட்டம் வரிசையில் நிற்கும். பத்து மணிக்கு டெலிபோனை எடுத்து எண்ணைச் சுழற்றுவேன். அங்கே மணி அடிக்கும். பெரிய கம்ப்யூட்டர் போனை எடுக்கும், ஒரு நீளச் சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டதும் மோடத்தின் பொத்தானை அழுத்திவிட்டு ரிசீவரைக் கீழே வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் இரண்டும் கைகுலுக்கிவிட்டன என்று அர்த்தம். ஒரு பக்கம் போகும், என் கம்ப்யூட்டர் நிறுத்திக் காத்திருக்கும், அங்கிருந்து ‘ஓகே’ வரும், அடுத்த பக்கம் போகும்.

தோட்டம் முழுவதற்கும் ஒரே டெலிபோன் இணைப்பு. அதில்தான் நான்கு போன்கள் தொங்கின. ஆபீஸில் ஒன்று, தொழிற்சாலையில் ஒன்று, டிஸ்பென்சரியில் ஒன்று, மேட்டில் துரை பங்களாவில் ஒன்று. நடுவில் யாராவது எடுத்தால் கம்ப்யூட்டர் பேச்சு கெட்டுவிடும் என்று லிம் எச்சரித்திருந்தார். அதனால் தொழிற்சாலைக்கும் டிஸ்பென்சரிக்கும் நானே போய்ப் பத்து மணிக்கு யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, போன் மேலேயே காகிதமும் ஒட்டிவிட்டு வந்தேன். பங்களா பற்றித் துரையிடம் கேட்டேன். பத்து மணிக்குத் தான் மலைமேல் கொழுந்து எடுக்கும் இடத்தில் இருப்பதாகவும், தன் மனைவி பிள்ளைகளோடு ஈப்போவில் இருப்பதாகவும், பங்களாவில் யாரும் இல்லை என்றும் சொன்னார். நானும் அன்றாடப் பதிவு நோட்டில் தினமும் அழகான கையெழுத்தில் எழுதினேன்: தொழிற்சாலை, சொல்லியாயிற்று. டிஸ்பென்சரி, சொல்லியாயிற்று. பங்களா, யாரும் இல்லை.

முதல் நாள் விளக்கு எரிந்தது. முதல் பக்கம் போனது. கம்ப்யூட்டர் நிறுத்திக் காத்திருந்தது. ‘ஓகே’ வருவதற்குப் பதிலாகத் திரையில் கோணல் மாணலாக ஏழெட்டுக் குறிகள் வந்தன. பிறகு விளக்கு அணைந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் முதல் பக்கம் முடிந்த இடத்திலேயே கதை முடிந்தது. இப்படியே மூன்று வாரம். எங்கள் தோட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் பேசியதே இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். லிம் மூடுபனி என்றார், கம்பி இணைப்புகளை முடி உலர்த்தும் மிசினால் காயவைக்கச் சொன்னார். என் மனைவியின் மிசினை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தடியில் நின்று காயவைத்தேன். தூளின் வாசனை கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டிஸ்பென்சரிக்காரர் நோய் கண்டுபிடித்தார். கியா பார்மில் காய்கறி போடும் என் மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது, கிழக்கே திருப்பு லா என்றான். திருப்பினேன். கிழக்கே பார்த்துக்கொண்டு அணைந்தது.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, தலைமை ஆபீஸிலிருந்து அடுத்த கடிதம் வரும்வரை. துரை அதை என்னிடம் கொடுத்தபோது பைப் வாயில் இல்லை. அந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை எங்கள் அறிக்கை ஐந்து பக்கமும் முழுசாக வந்து சேர வேண்டும். வராவிட்டால் எங்கள் ஆபீஸ் வேலை பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் கிராணியைக் மலைக்குக் கீழே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றுவார்கள். கம்ப்யூட்டர் கிராணி என்று நாட்டில் நிறையப் பேர் இருக்கலாம், அந்தக் கடிதம் சொன்னது என்னை.

என் மனைவி பார்வதி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். ஆறு வருடம் மனுப் போட்டு, நடையாய் நடந்து, அப்போதுதான் இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. நான் கீழே போனால் ஒன்று அவள் அதை விட வேண்டும், இல்லையென்றால் நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பாத்திரம் கழுவும்போதுதான் சொன்னாள்.

“அந்த மிசினுக்கு எதிர்ல எந்நேரமும் பேசுறீங்கள்ல. என்னைப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லுங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

கடைசித் திங்களுக்கு முந்தின வியாழக்கிழமை லிம் கோலாலம்பூரிலிருந்து கடைசி யோசனை சொன்னார். கம்பியில் எங்கோ மரக்கிளை உரசுகிறது, கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கம்பி நெடுக நடந்து பார்க்க வேண்டும். நடப்பவன் நான் என்றால் கம்ப்யூட்டரை இயக்குவது யார்? துரை தன் நாற்காலியிலிருந்து எழுந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய கத்தரிக்காயை எடுப்பதுபோல இரண்டு கையாலும் ரிசீவரை எடுத்தார். நான் குடையும் நீளக் கழியுமாகக் கிளம்பினேன்.

தொழிற்சாலைப் பக்கம் கிளை எதுவும் இல்லை. டிஸ்பென்சரிப் பக்கமும் இல்லை. கம்பி மேட்டில் ஏறிக் கடைசியாகப் பங்களாவின் சமையற்கட்டுச் சுவருக்குள் நுழைந்தது. அதுவரை வந்தவன் சும்மா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன்.

உள்ளே வீராசாமி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பங்களாச் சமையல்காரர். மூன்று வெள்ளைக்காரத் துரைகளுக்கும் பிறகு குரியன் துரைக்கும் ஆக்கிப் போட்டவர், அறுபதைத் தாண்டியவர். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குதிகால் இரண்டையும் ஒட்டி வைத்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மிகுந்த பணிவோடு, வாயை ரிசீவருக்கு அருகில் கொண்டுபோய்ச் சொன்னார்:

“எஸ் சார்.”

பிறகு காதிலிருந்து ரிசீவரை எடுத்து வருத்தத்தோடு பார்த்தார். கீழே ஆபீஸில் விளக்கு அணைந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பின்கதவு வழியாக உள்ளே போனேன். யாரோடு பேசுகிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“மெக் தொர. பெரியவரு. மூணு வாரமா டெய்லி பத்து மணிக்குக் கூப்புடுறாரு.”

மெக் துரை என்பவர் அவருடைய முதல் துரை. ஸ்காட்லாந்துக்காரர். ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் பேசினால் பக்கத்திலிருக்கும் வெள்ளைக்காரருக்கே விளங்காது, தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று வரும் என்று தோட்டத்தில் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் விசாரிக்க விசாரிக்க எல்லாம் வெளியே வந்தது. நான் ஆபீஸில் எண்ணைச் சுழற்றும்போதெல்லாம் மற்ற போன்களில் மணி லேசாக ‘டிங், டிங்’ என்று முனகும். மற்றவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பங்களாவில் இரண்டாவது மணி அடிக்கும் முன் போனை எடுத்துவிட வேண்டும் என்பது மெக் துரை போட்ட சட்டம். வீராசாமி அண்ணன் அந்தச் சட்டத்தை முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட மீறியதில்லை. எடுத்தால் உள்ளே கரகரவென்று பேச்சு. கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு கட்டத்தில் கரகரப்பு நின்று, ‘ங்’ என்று ஒரே சீராக இழுக்கும். துரை சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். மரியாதை தெரிந்தவர் சும்மா இருப்பாரா? முதல் பக்கம் முடிந்து என் கம்ப்யூட்டர் ‘ஓகே’வுக்குக் காத்திருந்த அந்த இடத்தில்தான் தினமும் ‘எஸ் சார்’ போய் விழுந்திருக்கிறது.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். பங்களாப் போனில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் மெக் துரையின் சட்டமாம்.

அது துரை இல்லை, மிசின் என்று சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மிசின்னா, நான் பேசுனதும் ஏன் போன வச்சிருது? அது கோவந்தான? பாவம், வயசாயிருச்சு. அந்த ஊருல தனியா இருப்பாரு. பேச ஆளில்லாம கூப்புடுறாரு.”

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆபீஸுக்குப் போய்ப் பதிவு நோட்டைப் புரட்டினேன். பங்களா, யாரும் இல்லை. பங்களா, யாரும் இல்லை. மூன்று வாரமும் என் கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. துரை சொன்னார், நான் எழுதினேன். அந்த வீட்டில் ஒரு மனிதர் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறார் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கம்ப்யூட்டர் அணைந்தபோதெல்லாம் வராத வெட்கம் அப்போது வந்தது.

துரையிடம் சொன்னேன். இரண்டு விசில் வந்தது. மறுபடியும் சொன்னேன். பிறகு அவரே பங்களாவுக்குப் போய், பத்து மணிக்கு மட்டும் போனை எடுக்க வேண்டாம் என்று வீராசாமி அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முப்பது வருடச் சட்டத்தைப் போட்ட துரைதான் அதை நீக்க வேண்டுமாம், இந்தத் துரை மன்னித்துக்கொள்ள வேண்டுமாம். ஸ்காட்லாந்துக்குக் கடிதம் எழுதிப் பதில் வாங்க நாள் இல்லை. கம்பியை வெட்டிவிடலாமா என்று நான் கேட்டேன். அதை வீராசாமி அண்ணனிடம் யார் சொல்வது என்று துரை கேட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த ஏர்கோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் வழி சொன்னது வீராசாமி அண்ணனேதான். “என்னை ஆபீசுக்கு வரச் சொல்லுங்க, வர்றேன். பங்களாவுல இல்லாதவன் எப்புடிப் போன எடுப்பான்? அதுக்குச் சட்டம் இல்ல” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை ஜன்னலுக்கு வெளியே கைநீட்டினால் கை தெரியாத மூடுபனி. வீராசாமி அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒன்பதே முக்காலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். துரை அன்று மலைக்குப் போகவில்லை. என் பின்னால் நின்றார், பைப் வாயில் இருந்தது, சத்தம் இல்லை. பார்வதி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பாடம் எப்படி நடந்தது என்று நான் பிறகும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு எண்ணைச் சுழற்றினேன். அங்கே மணி அடித்தது. ‘டொக்’ என்று எடுக்கும் சத்தம் கேட்டது. பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை.

இப்படி ஆனதே இல்லை. மூன்று வாரமாக இந்த விளக்கு எரியாமல் இருந்ததில்லை, எரிந்து அணையத்தான் செய்யும். மறுபடியும் சுழற்றினேன். மணி, ‘டொக்’, பொத்தான். விளக்கு எரியவில்லை. இத்தனை நாள் பழகிய வேலை எனக்கு அந்த நிமிடத்தில் மறந்துபோயிருந்தது, மறந்துபோனதும் எனக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஒன்பது. மூன்றாவது தடவை சுழற்றத் தொடங்கியபோது பெஞ்சு கிறீச்சிட்டது.

“கிராணி, கொஞ்சம் கைய எடுங்க. ஏன் இப்புடிப் பறக்குறீங்க? அவரு பேசவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள அமுக்கிப்புடுறீங்க.”

வீராசாமி அண்ணன் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நான் எண்ணைச் சுழற்றிவிட்டு, பொத்தானுக்கு ஒரு அங்குலம் மேலே விரலை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். துரையும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

“மணி அடிக்கிது… எடுத்துட்டாரு. இருங்க. இப்ப ரெண்டு மூச்சு சும்மாதான் இருப்பாரு. எப்பவும் அப்புடித்தான்… அந்தா, கனைச்சிட்டாரு. ‘ஈ’ன்னு நீட்டுறாரு. இருங்க, நல்லா நீட்டட்டும்… ம். இப்ப நீங்க.”

அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது.

அவர் ரிசீவரை ஒரு பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலக் கீழே வைத்தார். மூன்று வாரம் தினமும் மணி அடிப்பதிலிருந்து கடைசிவரை முழுப் பேச்சையும் கேட்டவர் இந்த மலையிலேயே அவர் ஒருவர்தான். நானோ வழக்கமாக நீளச் சத்தம் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுவேன். அதையும் அன்றைக்குப் பயத்தில் கேட்காமலே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதல் பக்கம் போனது. கம்ப்யூட்டர் நிறுத்திக் காத்திருந்தது. திரும்பிப் பார்த்தால் வீராசாமி அண்ணன் துண்டால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நிற்கிறார். துண்டுக்குள் உதடு அசைந்தது. ‘ஓகே’ வந்தது. இரண்டாம் பக்கம். ‘ஓகே’. ஒவ்வொரு பக்கம் முடிந்தபோதும் துண்டுக்குள் உதடு அசைந்தது. ஐந்தாவது ‘ஓகே’ வந்தபோது பத்து பதினான்கு. துரையின் பைப் ஒரே ஒரு விசில் அடித்தது. அவரிடம் வேலை பார்த்த காலம் முழுவதும் அவ்வளவு நீளமான விசில் நான் கேட்டதில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். கிராணி ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் எல்லாம் கூடவே ஓடி வந்தன. பார்வதி வகுப்பு வாசலுக்கு வந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, ஐந்து விரலைக் காட்டினேன். அவள் சாக்பீஸ் தூளோடு இருந்த கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று பிள்ளைகளுக்குச் சீக்கிரமே மணி அடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீராசாமி அண்ணன் தினமும் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுவார். ஒரு கோப்பைத் தேநீர், பெஞ்சு, பிறகு ரிசீவர். காதில் வைத்த உடனேயே இன்று சரியாகப் பேசுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவார். “இன்னிக்குத் தொண்ட கட்டியிருக்கு, தாப்பாப் பக்கம் மழ போல” என்பார். அவர் அப்படிச் சொன்ன நாளெல்லாம் இணைப்பு ததிங்கிணத்தோம் போடும். லிம் இதை நம்பாமல் ஒரு தடவை மலையேறி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பிளம் சப்பிக்கொண்டே, கோலாலம்பூருக்கு வர முடியுமா என்று அவரிடமே கேட்டார். பங்களாவில் சாப்பாடு யார் போடுவது என்று துரை இடைமறித்துவிட்டார். அது மிசின் என்று நான் வீராசாமி அண்ணனுக்குச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். தினமும் ஒரு கிழவர் கூப்பிடுகிறார், தினமும் இவர் கேட்கிறார், அதில் எனக்கு என்ன நஷ்டம்?

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது துரை பதிவு நோட்டைத் திறந்து வைத்திருந்தார். பங்களா, யாரும் இல்லை என்று நான் பழக்க தோஷத்தில் காலையிலேயே எழுதி வைத்திருந்ததை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். இயக்கியவர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே இங்கிலீஷில், கேட்பவர் என்ற அர்த்தத்தில் ‘ரிசீவர்: வீராசாமி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நோட்டின் நகல் மாதாமாதம் கோலாலம்பூருக்குப் போகும். அங்கே சாமான்களுக்குப் பொறுப்பான பிரிவில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்துவிட்டு, இந்தத் தோட்டத்தில் மோடத்தோடு கூடுதலாக ஏதோ கருவி இருக்கிறது, பட்டியலில் இல்லை என்று முடிவு கட்டி, ஒரு படிவம் அனுப்பிவிட்டார்.

துரை அதை என் முன்னால் உட்கார்ந்து, மிகப் பொறுமையாக, தன் கையாலேயே நிரப்பினார். கருவியின் பெயர்: வீராசாமி. தயாரித்த நாடு: மலேசியா. எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் உள்ளது: எனக்கு முன்பிருந்தே. பராமரிப்பு: தினம் ஒரு கோப்பைத் தேநீர். அடுத்த வரிக்கு வந்ததும் பைப்பை வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பழுதானால் மாற்ற ஸ்பேர் பார்ட் கிடைக்குமா என்று கேட்டிருந்தது. கிடைக்காது என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.